நான்காவது கட்டத்தில் ஒரு டிக்

பிப்ரவரி 11, செவ்வாய்

லீவு கிடைத்துவிட்டது. எனக்கு ஆறு நாள், இவருக்கும் ஆறு நாள், அதுவும் ஒரே வாரத்தில்! கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒன்று நடந்ததே இல்லை. கண் ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்தால் பஸ் டிப்போவில் இவருக்குக் கொடுக்க மாட்டார்கள். டிப்போவில் கொடுத்தால் எங்கள் பெரிய டாக்டருக்கு அன்றைக்கென்று பார்த்து முகாம் இருக்கும்.

மழைக்காட்டுக்குப் போகிறோம். நடப்பதற்கு. ஹாஸ்டலில் இருக்கும் மகள் போனில் சிரியோ சிரி என்று சிரித்தாள். "நீ மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், காட்டுல போய் என்னம்மா பண்ணப் போற?" மூச்சு வாங்கினால் உட்கார்ந்துகொள்வேன். அதற்குத்தானே லீவு?

இன்று முப்பத்தெட்டுப் பேருக்குக் கண் பார்த்தேன். பக்கப் பார்வை மெஷினில் ஒரு பெரியவர் என்னை ஒரு வழி பண்ணிவிட்டார். வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும், ஓரத்தில் வெளிச்சப் பொட்டு மின்னினால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவர் பொட்டு மின்னாமலேயே டக் டக்கென்று அழுத்தித் தள்ளினார். ஏன் என்று கேட்டால், "பாஸாகணும்ல?"

சாயங்காலம் இவர் டிராவல் பையில் இடித்துக்கொண்டு கத்தினார். "நடுவழியில எவ வச்சது?" சுவரோரமாகத்தான் வைத்திருந்தேன். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்றேன். இந்த வசனம் எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு தடவை வரும்.

பிப்ரவரி 13, வியாழன்

வந்து சேர்ந்தோம். மரவீடு. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் நான் பேசுவது இவருக்குக் கேட்கவில்லை, இவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. பரம நிம்மதி.

வழிகாட்டியாக ஒரு பெண் வந்திருக்கிறாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் பச்சைப் பை, இடுப்பில் உப்பு மூட்டை. உப்பு அட்டைக்கு. "அக்கா, பயப்படாதீங்க, கொஞ்சம் ரத்தம் குடிச்சிட்டுத் தானா விழுந்துடும்" என்றாள். என்ன ஒரு ஆறுதல்!

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்தேன். நான்! எனக்கு ஏழு அட்டை, இவருக்கு நாலு. ருசி பார்த்துத்தான் கடிக்கிறது என்றேன். "உன் நாக்கைக் கடிச்சிருந்தா ஓடியிருக்கும்" என்றார். இப்படிப் பேசிக்கொண்டு நடந்து எத்தனை வருஷமாயிற்று.

ஓரிடத்தில் வழிகாட்டி சட்டென்று நின்று இடது பக்கம் கையைக் காட்டினாள். கை நீட்டினால் தொடலாம், கொப்போடு கொப்பாக ஒரு பச்சைப் பாம்பு. இவர் "எங்க? எங்க?" என்று நாலு தடவை கேட்டுவிட்டு, "ஆமா ஆமா, அழகா இருக்கு" என்றார். பார்த்த திசையே வேறு. "இவ்வளவு பெரிய பாம்பு தெரியல, பஸ்ஸை எப்படித்தான் ஓட்டறீங்களோ!" என்றேன். மூவரும் சிரித்தோம்.

மூன்று மணிக்கே திரும்பிவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தார். குழந்தை மாதிரி. சரி போகட்டும், நாளைக்கு முழுநாளும் உள்காடுதானே.

பிப்ரவரி 15, சனி



இவர் விழுந்துவிட்டார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை — இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, முட்டியில் சிராய்ப்பு. எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

மூன்றரை மணி இருக்கும். உள்காட்டில் மேலே இலை மூடிக்கொண்டு அரை வெளிச்சம். எனக்கு வழி தெரிந்தது, வேர் தெரிந்தது, முன்னால் போகிறவளின் பச்சைப் பை தெரிந்தது. பின்னால் காலடிச் சத்தம் நின்றுபோயிற்று. திரும்பினால், இவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"டார்ச் இருக்கா?"

"மத்தியானம் மூணரைக்கு டார்ச்சா? விளையாடாதீங்க."

"விளையாடல. நீ எங்க நிக்கற?"

நாலடி தூரத்தில் நிற்கிறேன். என்னைப் பார்த்துத்தான் கேட்கிறார். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன், எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் ஓடை. மூன்று பலகை சேர்த்துப் போட்ட சின்னப் பாலம். வழிகாட்டி போனாள், நான் போனேன். இவர் பலகைக்கு இடது பக்கம், வெறும் காற்றில், பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் மாதிரி சாவதானமாகக் காலை எடுத்து வைத்தார். வழுக்கவில்லை. தடுமாறவில்லை. அங்கே பலகை இருக்கிறது என்று நினைத்து வைத்தார்.

கீழே இடுப்பளவு தண்ணீர். வழிகாட்டி குதித்துத் தூக்கிவிட்டாள். திரும்பும்போது என்னைத் தனியாக நிறுத்தி மெதுவாகச் சொன்னாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. அண்ணன் வழுக்கி விழல. பலகையே அவருக்குத் தெரியல. நேத்து பாம்பையும் அவர் பார்க்கல. உங்களுக்காகத் தலையாட்டினார்."

பத்தொன்பது வருஷமாக ஊரார் கண்ணையெல்லாம் பார்க்கிறவள் நான். என் வீட்டு ஆளின் கண்ணைப் பற்றி ஒரு வழிகாட்டி எனக்குச் சொல்கிறாள்.

இருக்காது. களைப்பாக இருக்கும். இருட்டு. புது இடம்.

இருக்காது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இருக்கிறது.

காலையில் வராந்தாவில் நல்ல வெளிச்சம். எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். "என் மூக்கையே பாருங்க. விரல் ஆடறது தெரிஞ்சா சொல்லுங்க. வேற எங்கயும் பார்க்கக் கூடாது." ஒரு கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கையை அகலமாக விரித்து விரலை ஆட்டினேன். நல்ல கண்ணாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒன்றும் சொல்லவில்லை. தோளுக்குக் கொண்டுவந்தேன். இல்லை. காதுக்கு. இல்லை. என் விரல் என் கன்னத்தைத் தொட்டபோது "ஆங், இப்ப தெரியுது" என்றார்.

மறு கண். அதேதான். மேலே, கீழே — அதேதான்.

ஒரு குழாய் வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என் புருஷன். இந்தக் குழாயோடு தினமும் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் பஸ் ஓட்டுகிறார். எழுந்துபோய் வாந்தி எடுத்தேன்.

"எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்டேன்.

"நாலஞ்சு வருஷமா... சாயங்காலமானா மங்கும். வயசுன்னு நினைச்சேன். அதான் ராத்திரி டூட்டியை மாத்தி வாங்கிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன பண்டம் பாத்திரமா விக்கறேன்? கண்ணு பார்க்கறவ!"

அப்போதுதான் அதைச் சொன்னார். கோபமாகக்கூட இல்லை. "சொல்லத்தானே வந்தேன். மூணு வருஷம் முன்னாடி, ஃபிட்னஸ் பாரம் எடுத்துக்கிட்டு உன் ஆஸ்பத்திரிக்கே வந்தேன். டிப்போ டாக்டர்கிட்ட போகாம உங்கிட்ட வந்தது அதுக்குத்தான். நீ நார்மல்னு எழுதின. சரி, நமக்கு ஒண்ணும் இல்லன்னு நம்பிட்டேன்."

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஐயோ. அப்படியே ஞாபகம் வந்துவிட்டது.

டிரைவர் பாரத்தில் நாலு கட்டம். தூரப் பார்வை, கிட்டப் பார்வை, நிறம், பக்கப் பார்வை. முதல் மூன்றையும் பார்த்தேன், கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார். நாலாவதுக்கு மெஷின் அறை வாசலில் பதினான்கு பேர் வரிசை. இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான்தான் முந்திக்கொண்டேன். "உங்க கண்ணு எனக்குத் தெரியாதா?" என்றேன். கண்ணடித்தேன். டிக் போட்டேன். பக்கத்திலிருந்த நர்ஸ் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அந்தக் கடி ஜோக்குக்கு நானே ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ஏழு மணி நேரம் பஸ்ஸில் திரும்பி வந்தோம். எதிரே லாரி வரும்போதெல்லாம் இவர் டிரைவரைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரத்தில் மெஷின் அறை காலி. கதவைச் சாத்தி விளக்கை அணைத்தேன். கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தார். கையில் பட்டனைக் கொடுத்தேன்.

ஓரத்தில் பொட்டு மின்னுகிறது. நான் திரையில் பார்க்கிறேன். பட்டன் சத்தம் இல்லை. இன்னொரு பொட்டு. இல்லை. இந்த அறையில் பத்தொன்பது வருஷமாக டக் டக் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நிமிஷம் முழுசாகச் சத்தமே இல்லாமல் போனது இன்றைக்குத்தான். "ஆரம்பிச்சுட்டியா?" என்று கேட்டார். பாதி முடிந்திருந்தது.

அச்சடித்து வந்த தாளில் நடுவில் ஒரு சின்ன வெள்ளை வட்டம். சுற்றிலும் கறுப்பு.

பெரிய டாக்டர் விழித்திரையைப் பார்த்தார். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டு வரும் நோய், மருந்தில்லை, நடுப்பார்வை இன்னும் பல வருஷம் நிற்கலாம் என்றார். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். நான் எத்தனை பேருக்கு இதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறேன், கூடவே தண்ணீர் கொடுத்து. இன்றைக்கு எனக்கு ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து, "நாளைக்கு டிப்போவுல எழுதிக் கொடுத்துடுங்க" என்றேன்.

"ரெண்டு நாள் டைம் கொடு. இருபத்தாறு வருஷம்... சட்டுனு எப்படி?" என்றார். சரி என்றேன்.

எதற்குச் சரி என்றேன்? எழுதிக் கொடுப்பதற்குத்தானே? அப்படித்தான் அவரும் புரிந்துகொண்டிருப்பார்.

பிப்ரவரி 19, புதன்

புரிந்துகொள்ளவில்லை.

காலையில் எழுந்தால் பக்கத்தில் ஆள் இல்லை. ஆணியில் யூனிஃபார்ம் இல்லை. டிபன் பாக்ஸும் இல்லை. போன் அடித்தால் அலமாரிக்குள்ளிருந்து மணி அடிக்கிறது. தலையைக்கூட வாராமல் தெருமுனை ஸ்டாப்புக்கு ஓடினேன். இவர் பஸ் ஆறு நாற்பதுக்கு அங்கே வரும்.

வந்தது. கையைக் காட்டினேன், முன்படியில் ஏறினேன். இவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லையா, தெரியவில்லையா — தெரியவில்லை. நான் இடது பக்கம்தானே நிற்கிறேன்.

நிறுத்துங்க என்று கத்தியிருக்க வேண்டும். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். கோழை. இந்த ஒரு ட்ரிப்புக்கு என்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

இவருடைய கண்டக்டர் முன்படியிலேயே நின்றான். வெளியே பார்த்துக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. டிக்கெட் கொடுக்கப் பின்னால் போனாலும் ஓட்டமாக ஓடி வந்து அதே இடத்தில் நின்றான். "என்ன அண்ணி, இந்த நேரத்துல?" என்றவன் என் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டான்.

மார்க்கெட் முனையில் ஒரு பெண் பள்ளிக்கூடப் பையோடு நடைபாதையிலிருந்து ரோட்டில் கால் வைத்தாள். கண்டக்டர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். டப் டப். பஸ் நின்றது. அவள் கடந்து போனாள். "ரைட்" என்றான். பஸ் கிளம்பியது.

அடுத்து ஒரு சைக்கிள். டப் டப். அடுத்து ஒரு தள்ளுவண்டி. டப் டப். இவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. தட்டினால் பிரேக். அவ்வளவுதான். கடைசி ஸ்டாப் வருவதற்குள் பதினோரு தடவை.

எல்லாரும் இறங்கிய பிறகு கேட்டேன். "எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா அண்ணி. அண்ணன் கேக்கல. நானாதான் ஆரம்பிச்சேன். லெஃப்ட் கண்ணாடி ரெண்டு தடவை பேந்துது, அப்புறம்..." நிறுத்தினான்.

"அப்புறம்?"

"ஒரு பொண்ணு. செருப்பு டயர்ல மாட்டிக்கிச்சு. கால் எப்படியோ தப்பிச்சுது. அண்ணனுக்குத் தெரியாது. அன்னிலேர்ந்து நான் லீவே போடல அண்ணி. போட்டா வேற எவனாவது பின்படியில நிப்பான். நீங்க காட்டுக்குப் போனீங்க பாருங்க, அப்பதான் நானும் ஆறு நாள் நிம்மதியா தூங்கினேன்."

நாங்கள் பேசியதை இவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் வைத்த கை அப்படியே இருந்தது. "எந்தப் பொண்ணு?" என்றார். கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டான். "டேய், எந்தப் பொண்ணுடா? எத்தனை வயசு?"

"ஏழு, எட்டு இருக்கும்ணே."

இவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததே இல்லை. எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்தார். இறங்கிவந்து என் கையைத் தேடிப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து மூடினார். கை ஜில்லென்று இருந்தது. மிச்சம் மூன்று ட்ரிப் இருந்தது. வேறு டிரைவர் வந்து எடுத்துப் போனார்.

பிப்ரவரி 20, வியாழன்

இவர் டிப்போவுக்கு எழுதினார். நான் ஆஸ்பத்திரிக்கு எழுதினேன். ஒரே மேஜை, ஒரே பேனா, மாற்றி மாற்றி.

என் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இதை மட்டும் எழுதாத. எனக்குத்தான் கண்ணு போச்சு, உனக்கு வேலையும் போகணுமா? யார் கேட்டா இப்ப?" என்றார்.

யாரும் கேட்கவில்லைதான். ஆனால் பீரோவில் அந்த வருஷத்துப் பாரங்கள் முழுக்க இருக்கின்றன. இவருக்கு மட்டும்தான் அப்படி டிக் போட்டேனா? வரிசை நீளமாக இருந்த நாள் அது ஒன்றுதானா? சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன்.

"நான்காவது கட்டத்தைப் பரிசோதிக்காமல் குறியிட்டேன்." ஒரு வரிதான். எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று.

பிப்ரவரி 21, வெள்ளி

பெரிய டாக்டர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். "கீழ இருக்கறது என் கையெழுத்து. நானும் பார்க்காமதான் போட்டேன், உங்க டிக்கை நம்பி" என்றார்.

எனக்கு இரண்டு மாசம் சஸ்பென்ஷன். மூன்று வருஷத்து டிரைவர் பாரங்களில் இருக்கிறவர்களை எல்லாம் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

பிப்ரவரி 26, புதன்

தொண்ணூற்றாறு பேர். இதுவரை நாற்பது பேர் வந்து போனார்களாம். எல்லாருக்கும் சரியாக இருக்கிறது. போன் மணி அடித்தாலே பகீரென்கிறது.

மார்ச் 14, வெள்ளி

தொண்ணூற்றாறும் முடிந்தது. ஒருவருக்குச் சர்க்கரையினால் விழித்திரையில் கோளாறு ஆரம்பம், அதுவும் சமீபத்தில் வந்தது. மற்றபடி யாரும் இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இவருக்கு டிப்போவில் டைம் ஆபீஸ் கொடுத்திருக்கிறார்கள். எந்த பஸ் எப்போது கிளம்பியது என்று எழுதும் வேலை. "கண்ணு போனவனுக்குக் கடிகாரம் பார்க்கற வேலை" என்று ஒரு நாள் முழுக்க எரிந்து விழுந்தார். நான் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் திட்டு வாங்கினேன். "வாயை மூடிக்கிட்டு இருக்காத, பயமா இருக்கு" என்றார்.

கண்டக்டர் வந்திருந்தான். புது டிரைவரோடு போகிறான். "பின்படியில நிக்கறதே மறந்துபோச்சு அண்ணி, என்னையறியாம முன்னாடி ஓடறேன்" என்று சிரித்தான். இவர் சிரிக்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வேலையில் சேர்ந்தேன். மூன்றாவது ஆளே ஒரு லாரி டிரைவர். பாரம் கொண்டுவந்திருந்தார். "டூட்டிக்கு நேரமாச்சு மேடம், கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு, டிக் போட்டு விடுங்க."

மெஷின் அறையில் உட்கார வைத்தேன். டக். டக். டக். ஒன்றுவிடாமல் அழுத்தினார். அந்தச் சத்தம் முடியும்வரை நான் மூச்சே விடவில்லை போலிருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டில் நாற்காலி, ஸ்டூல், குடம் எல்லாவற்றுக்கும் இப்போது நிரந்தர இடம். மகள் வந்தபோது ஸ்டூலை நகர்த்திவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிடரி வசனத்தை நான் சொல்லி நாலு மாசம் ஆகிறது. இன்றைக்கு இவரே சொன்னார், தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டு — "கண்ணு பிடரியிலதான் இருக்கு, என்ன இப்ப?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சிரித்தபிறகு வந்தது.

சாயங்காலம் ஆறரைக்கு, "கொஞ்சம் நடந்துட்டு வரலாமா?" என்று கேட்டார். எத்தனையோ வருஷமாக இந்த நேரத்தில் வீட்டைவிட்டு வெளியே வராதவர். காட்டுக்குப் போட்ட ஷூவைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டோம். ஓரத்தில் இன்னும் செம்மண்.

தெருவிளக்கு அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தது. நான் அவருக்கு இடது பக்கம். என் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தார். கடைத்தெரு முனையில் இடதுபுறச் சந்திலிருந்து ஒரு குழந்தை சின்ன சைக்கிளை ஓட்டிக்கொண்டு பாய்ந்து வந்தது. அவர் கைமேல் இரண்டு தட்டுத் தட்டினேன்.

நின்றார். வலது காலை மட்டும் ஓரடி முன்னால் வைத்துத் தரையை அழுத்திக்கொண்டிருந்தார். முழு பலத்தோடு, முட்டி விறைக்க.

குழந்தை போய்விட்டது. அந்தக் கால் இன்னும் அழுந்தியிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ரைட்" என்றேன்.

காலை எடுத்தார். கிளம்பினோம்.